மெசேஜ் அனுப்பும் பேஸ் கிளாஸ் எழுதுவது எப்படி: வாங்க ஆள் இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்

பேஸ் கிளாஸ் என்பது மற்ற கிளாஸ்கள் வாரிசாக வந்து பொது வசதிகளைப் பெற்றுக்கொள்ளும் அடிப்படை கிளாஸ். மெசேஜ் அனுப்புவதற்கான இந்த கிளாஸை நான் இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை எழுதியதில் 41 ஃபங்ஷன்கள் இருந்தன. இரண்டாவதில் 19. இப்போது ஓடிக்கொண்டிருப்பதில் ஐந்து. முதல் இரண்டையும் தூக்கிப் போட்டதற்கு ஒரே காரணம்தான்: மெசேஜை எப்படி அனுப்புவது என்பதிலேயே மூளையைச் செலவழித்தேன், அது போய்ச் சேரும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருக்குமா என்று யோசிக்கவில்லை. அனுப்புவது ஒரு மதியத்தில் எழுதி முடிக்கிற வேலை. ஆள் காலி செய்த வீட்டுக்குப் போன கடிதத்தை என்ன செய்வது என்பதில்தான் மிச்ச ஆறு மாதம் போகும்.

என் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது ஆய்வகக் கருவிகளை இயக்கும் டெஸ்க்டாப் மென்பொருள். மொழி சி++. திரையை ஒரு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி ஓட்டம்) பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி த்ரெட். ஆரம்பத்தில் எல்லா ஆப்ஜெக்டும் எல்லாவற்றின் பாயிண்டரையும் (நினைவகத்தில் அது இருக்கும் இடத்தின் எண்ணையும்) கையில் வைத்திருந்தது. கிராஃப் விண்டோவுக்குக் கருவியைத் தெரியும், கருவிக்கு கிராஃபைத் தெரியும், லாக் பலகைக்கு இரண்டையும் தெரியும். கருவியின் ஹெடரில் ஒரு வரி மாற்றினால் பாதி ப்ராஜெக்ட் மறுபடி கம்பைல் ஆகும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் ஒரு பொது பேஸ் கிளாஸ் தேவைப்பட்டது: ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆப்ஜெக்ட்கள் பேசிக்கொள்ள ஒரு வழி.

மெசேஜ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

வேலையைத் தொடங்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான் தெளிவாக்கிக்கொள்ளாததால்தான் முதல் கிளாஸ் 41 ஃபங்ஷனுக்கு வீங்கியது.

1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் முதலானோர் உருவாக்கிய ஸ்மால்டாக் என்ற ப்ரோக்ராமிங் மொழியில் எல்லாமே மெசேஜ்தான். 3 + 4 என்பதுகூட, 3 என்ற ஆப்ஜெக்டுக்கு 4-ஐச் சேர்த்துக் கொடுத்து + என்ற மெசேஜை அனுப்புவது. பெறும் ஆப்ஜெக்டுக்கு அந்த மெசேஜ் தெரியாவிட்டால், 'இது எனக்குப் புரியவில்லை' என்ற பொருள்படும் இன்னொரு மெசேஜ் அதே ஆப்ஜெக்டுக்குப் போகும். அதை அது தன் விருப்பப்படி கையாளலாம். 1980களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் சி மொழியின் மேல் இதே எண்ணத்தை ஏற்றி அப்ஜெக்டிவ்-சியைச் செய்தார்கள். ஆனால் இரண்டிலும் மெசேஜ் என்பது உடனடி அழைப்பு. அனுப்பியவர் பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். எந்தக் கோடு (ப்ரோக்ராம் வரிகள்) ஓட வேண்டும் என்பதை ஓடும்போது தேடிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு பொருள் தபால்பெட்டி. கார்ல் ஹியூயிட் 1973-இல் முன்வைத்த ஆக்டர் மாதிரியும், எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கிய எர்லாங் மொழியும் இந்த வகை. மெசேஜைப் போட்டுவிட்டு அனுப்பியவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பெறுபவர் தனக்கு நேரம் வரும்போது எடுத்துப் பார்ப்பார்.

விண்டோஸ் இரண்டையும் ஒரே மெசேஜ் எண்களோடு கொடுக்கிறது: ஒரு ஃபங்ஷன் உடனே அழைக்கும், இன்னொன்று கியூவில் (மெசேஜ்கள் முறை வரும்வரை காத்திருக்கும் இடத்தில்) போட்டுத் திரும்பும். பெயரில் 'சென்ட்', 'போஸ்ட்' என்ற வேறுபாடு மட்டும். நானும் அதையே பார்த்து இரண்டையும் என் பேஸ் கிளாஸில் வைத்தேன். அது தவறு. உடனடி அழைப்பு வேண்டுமென்றால் சி++-இல் ஏற்கெனவே விர்ச்சுவல் ஃபங்ஷன் (வாரிசு கிளாஸ் தனக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளும் ஃபங்ஷன்) இருக்கிறது. அதற்கு ஒரு ஃப்ரேம்வொர்க் தேவையில்லை. பேஸ் கிளாஸ் தபால்பெட்டியை மட்டும் தரட்டும். இந்த ஒரு முடிவிலேயே பாதி ஃபங்ஷன்கள் உதிர்ந்துவிடும்.

பாயிண்டரை முகவரியாகக் கொடுக்காதீர்கள்

சரி, இப்போது வாங்க ஆள் இல்லாத பிரச்சினைக்கு வருவோம். பழைய ஃப்ரேம்வொர்க்குகளை எடுத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அப்ஜெக்டிவ்-சியில் நில்லுக்கு (எந்த ஆப்ஜெக்டையும் காட்டாத வெற்றுப் பாயிண்டருக்கு) மெசேஜ் அனுப்பினால் ஒன்றும் நடக்காது, சுழியம் திரும்பும். எர்லாங்கில் செத்துப்போன ப்ராசஸின் அடையாளத்துக்கு அனுப்பினால் மெசேஜ் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பீஓஎஸ் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் பெறுபவரின் பாயிண்டருக்குப் பதிலாக 'மெசஞ்சர்' என்ற சிறு ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டார்கள்; பெறுபவர் போய்விட்டால் அனுப்பும்போது பிழை எண் திரும்பியது. கியூட் (Qt) என்ற சி++ ஃப்ரேம்வொர்க்கில் ஒரு ஆப்ஜெக்ட் அழியும்போது அதன் இணைப்புகள் எல்லாம் தானாக அறுந்துவிடும், அதற்காகக் கியூவில் காத்திருக்கும் மெசேஜ்களும் நீக்கப்படும்.

நான்கும் வேலை செய்யும். வேலை செய்யாதது, பதில் எதுவும் வைத்திராத ஐந்தாவது வகை. என் முதல் கிளாஸ் அந்த வகை. கியூவில் கிடந்த ஒவ்வொரு மெசேஜிலும் பெறுபவரின் வெறும் பாயிண்டர் இருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு த்ரெட்டிலும் ஒரு மெசேஜ் லூப், அதாவது கியூவிலிருந்து மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் கொடுத்துக்கொண்டே இருக்கும் சுழற்சி. ஒவ்வொரு லூப்பிடமும் ஒரு அட்டவணை. ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போது அட்டவணையில் காலியாக இருக்கும் ஒரு வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். அதன் முகவரி மூன்று எண்கள்: எந்த லூப், எந்த வரிசை, அந்த வரிசையில் எத்தனையாவது குடித்தனம். மூன்றாவது எண்ணில்தான் உயிர் இருக்கிறது.

ஒரு உதாரணம். திரை லூப்பின் 17ஆம் வரிசையில் அமைப்புகள் டயலாக் உட்கார்ந்திருக்கிறது. குடித்தன எண் 4. கருவி த்ரெட் அதற்கு 'அளவீடு முடிந்தது' என்று ஒரு மெசேஜ் போடுகிறது. மெசேஜ் கியூவில் இருக்கும்போதே பயனர் டயலாக்கை மூடிவிடுகிறார். 17ஆம் வரிசை காலியாகிறது, குடித்தன எண் 5 ஆகிறது. அடுத்த நொடி ஒரு கிராஃப் விண்டோ திறக்கிறது. அதற்கு அதே 17ஆம் வரிசை கிடைக்கிறது. இப்போது அந்தப் பழைய மெசேஜின் முறை வருகிறது. முகவரியில் 17, 4 என்று இருக்கிறது. அட்டவணையில் 17, 5 என்று இருக்கிறது. பொருந்தவில்லை. மெசேஜை எறிந்துவிட்டு, 'சேராதவை' என்ற கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்கிறோம்.

பாயிண்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டயலாக் இருந்த அதே நினைவக இடத்தில் கிராஃப் விண்டோ பிறந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெசேஜ் அதனிடம் போய், டயலாக்கின் கோடு கிராஃபின் தரவின் மேல் ஓடியிருக்கும். உடனே க்ராஷ் ஆனால் நல்ல காலம். எங்களுக்கு க்ராஷ் ஆகவில்லை. கிராஃபின் அச்சு அளவு மாறிப்போனது. வரைகலைப் பிரிவில் பக் இருக்கிறதென்று நான்கு நாள் தேடினோம்.

குடித்தன எண்ணுக்கு 32 பிட் கொடுங்கள். நான் முதலில் 16 பிட்தான் கொடுத்தேன். 65,536 முறை ஒரே வரிசை காலியாகி நிரம்பினால் எண் சுற்றி வந்துவிடும். திறந்து மூடும் டூல்டிப் விண்டோக்களுக்கு அது அவ்வளவு பெரிய எண் இல்லை. 32 பிட்டில் 429 கோடிக்கு மேல் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது மெசேஜைக் கொடுக்கும் நேரத்தில் நடக்க வேண்டும், போடும் நேரத்தில் அல்ல. போடும்போது 'இருக்கிறார்' என்று தெரிந்து ஒரு பயனும் இல்லை. அடுத்த மைக்ரோசெகண்டில் போய்விடலாம். கொடுக்கும்போது பார்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. அட்டவணையைத் தொடுவது அந்த லூப்பின் த்ரெட் மட்டுமே, ஆகவே அட்டவணைக்குப் பூட்டே (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடே) வேண்டாம். பூட்டு கியூவுக்கு மட்டும்.

'ஏன் வீக் பாயிண்டர் வைத்தால் ஆகாதா?' என்று கேட்பார்கள். ஆப்ஜெக்டை உயிரோடு பிடித்து வைக்காமல், அது இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்க உதவும் பாயிண்டர் அது. சி++11 முதல் அது மொழியிலேயே இருக்கிறது. ஆகும். ஆனால் மெசேஜைக் கொடுக்கும் கணத்தில் வீக் பாயிண்டரை முழு பாயிண்டராக மாற்றிப் பிடித்துக்கொள்வீர்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் விட்டுவிட்டால், கடைசிப் பிடி உங்களுடையது. ஆப்ஜெக்ட் உங்கள் த்ரெட்டில், நீங்கள் எதிர்பார்க்காத வரியில் அழியும். திரை விண்டோ ஒன்று கருவி த்ரெட்டில் அழிவதைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மெசேஜில் என்ன இருக்கலாம்

விஷயம் எளிது: மதிப்புகள் மட்டும். எண், எழுத்துச்சரம், முகவரி. எந்த ஆப்ஜெக்டின் பாயிண்டரும் கூடாது. முகவரிக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு மெசேஜின் வயிற்றுக்குள் பாயிண்டரை வைத்து அனுப்பினால் எல்லாம் வீண்.

பெரிய தரவுக்கு மட்டும் ஒரு விலக்கு. எங்கள் கருவி ஒரு முறைக்கு 8,192 அளவீடுகள் தரும்; ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 64 கிலோபைட். இதை கிராஃப், பதிவு, கணக்கீடு என்று மூன்று பேருக்கு நகலெடுத்து அனுப்புவது வீண் வேலை. எழுதி முடித்த பிறகு யாரும் மாற்ற முடியாத ஒரு தொகுதியாக்கி, அதைப் பகிர்ந்துகொள்கிறோம். கடைசியாகப் படித்தவர் விட்டதும் அது அழியும். இது எந்த த்ரெட்டில் அழிந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் இது வெறும் எண்களின் மூட்டை. டிஸ்ட்ரக்டரில் (அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷனில்) வேறு வேலை எதுவும் இல்லை.

மெசேஜை எப்படி அடையாளம் காண்பது? எண் வைத்தால் மோதும். விண்டோஸ் இதற்காக எல்லை பிரித்து வைத்திருக்கிறது: 1024 முதல் 32,767 வரை விண்டோ கிளாஸ் எழுதுபவர் தனக்குள் வைத்துக்கொள்ள, 32,768 முதல் 49,151 வரை அப்ளிகேஷனுக்கு, 49,152 முதல் 65,535 வரை பெயரைக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கும் எண்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் தனித்தனியாக '1 = நிறுத்து', '1 = புதுப்பி' என்று வைத்திருந்தோம். புதுப்பிக்கச் சொன்னால் மோட்டார் நின்றது. நிறுத்தச் சொல்லி, அது புதுப்பித்திருந்தால் இன்னும் மோசம்.

சி++-இல் எண்ணே வேண்டாம். ஒவ்வொரு மெசேஜ் வகையையும் ஒரு சிறு ஸ்ட்ரக்டாக (தரவை மட்டும் சுமக்கும் சிறு வகையாக) எழுதுங்கள். அந்த வகையே அடையாளம். கம்பைலர் மோதலைப் பார்த்துக்கொள்ளும்.

கிளாஸின் உருவம்

எங்கள் ஐந்து ஃபங்ஷன்கள் இவை. உண்மையான கோடில் பெயர்கள் வேறு. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கிளாஸ் பெறுநர்
    முகவரி() : என் மூன்று எண்களைத் தரும்
    அனுப்பு(யாருக்கு, மெசேஜ்) : கியூவில் போட்டுத் திரும்பும்
    தொடங்கு() : முழுதாகக் கட்டி முடித்த பிறகு ஒரு முறை
    கையாள்(மெசேஜ்) : விர்ச்சுவல், 'எனக்குத் தெரியும்' அல்லது 'தெரியாது' என்று சொல்லும்
    மூடு() : அட்டவணையிலிருந்து எழுந்துவிடும்

நகலெடுப்பதைத் தடுத்துவிடுங்கள். ஒரே முகவரியோடு இரண்டு ஆப்ஜெக்ட் இருக்க முடியாது. கியூட்டின் பேஸ் கிளாஸும் இதே காரணத்தால் நகலெடுக்க விடாது.

'கையாள்' தனக்கு வந்த மெசேஜுக்கான ஃபங்ஷனை எப்படித் தேடுகிறது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு காலத்தில் இது பெரிய விவாதம். 1992-இல் விண்டோஸ் ப்ரோக்ராம் எழுதுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் கிளாஸ் தொகுப்பான எம்.எஃப்.சி வந்தபோது, ஒவ்வொரு விண்டோ மெசேஜுக்கும் ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் வைக்காமல் மேக்ரோக்களால் ஒரு மெசேஜ் மேப் அட்டவணை கட்டினார்கள். கணக்குப் போட்டால் புரியும்: 200 விர்ச்சுவல் ஃபங்ஷன், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் பாயிண்டர் என்றால் ஒரு கிளாஸுக்கு 800 பைட். நூறு கிளாஸ் எழுதினால் 80,000. அன்றைய 16 பிட் விண்டோஸில் ஒரு செக்மெண்ட் (நினைவகத் துண்டு) 64 கிலோபைட்தான். இன்று அந்த நெருக்கடி இல்லை. வகையைச் சாவியாக வைத்த ஒரு ஹாஷ் அட்டவணை போதும். எங்களுடையதில் இந்தத் தேடல் நேரம் ப்ரொஃபைலரில் (நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் ப்ரோக்ராமில்) கண்ணில் பட்டதேயில்லை.

'தெரியாது' என்ற பதில்தான் முக்கியம். அதை விழுங்கிவிடாதீர்கள். தெரியாத மெசேஜ் வந்தால் டீபக் பில்டில் (நாம் பிழை தேட ஓட்டும் வடிவத்தில்) உடனே நிறுத்துங்கள். வெளியீட்டு பில்டில் லாகில் எழுதுங்கள். அப்பா விண்டோவுக்குத் தள்ளிவிடுவது, அது அதன் அப்பாவுக்குத் தள்ளிவிடுவது என்ற சங்கிலி முறையை மெனு கட்டளைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். கருவியின் அளவீடு வேறு யாருடைய மடியிலோ போய் விழுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

லூப்பில் செய்யக்கூடாதது

மெசேஜ் லூப் பார்க்க எளிமையானது: எடு, கொடு, மறுபடி எடு. இரண்டு இடங்களில் வழுக்கும்.

ஒன்று, பூட்டைப் பிடித்துக்கொண்டு 'கையாள்' ஃபங்ஷனை அழைப்பது. கையாள்பவர் தன் பங்குக்கு இன்னொரு மெசேஜ் அனுப்புவார். அதே பூட்டுக்காகக் காத்து நிற்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது. பூட்டைப் பிடி, கியூவில் உள்ள அனைத்தையும் ஒரே மாற்றில் உன் பக்கம் எடுத்துக்கொள், பூட்டை விடு, பிறகு ஒவ்வொன்றாகக் கொடு.

இரண்டாவது, கியூ வீங்குவது. விண்டோஸ் ஒரு கியூவுக்குப் பொதுவாக 10,000 மெசேஜ் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் போடும் ஃபங்ஷன் தோல்வி சொல்லும். நம் சொந்தக் கியூவுக்கு வரம்பு நாம்தான் வைக்க வேண்டும். கருவி நொடிக்கு 1,000 முறை அளவு அனுப்புகிறது, திரை நொடிக்கு 60 முறைதான் வரைகிறது என்றால், 940 மெசேஜ் யாருக்கும் தேவையில்லாதவை. ஆகவே மெசேஜ் வகையிலேயே 'கடைசி மட்டும் போதும்' என்று குறிக்க வழி வையுங்கள். அப்படிக் குறித்த மெசேஜ் அதே முகவரிக்கு ஏற்கெனவே காத்திருந்தால் புதியது அதன் மேல் எழுதிக்கொள்ளும். 'நிறுத்து' போன்றவற்றுக்கு இதை ஒருபோதும் குறிக்காதீர்கள்.

மெசேஜ்கள் போய்ச் சேரும் வரிசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே த்ரெட் ஒரே பெறுநருக்கு அனுப்பினால் அனுப்பிய வரிசையில் போய்ச் சேரும் என்று மட்டும் உறுதி கொடுங்கள். மேலெழுதும் மெசேஜுக்கு அந்த உறுதிகூட இல்லை. அதற்கு மேல் உறுதி கொடுத்தால் காலம் முழுக்க அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பிறப்பும் இறப்பும்

இங்கேதான் நான் அதிகம் அடிபட்டேன், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டாவது முறை எழுதிய கிளாஸில் முகவரி முறை வந்துவிட்டது. அட்டவணையிலிருந்து எழுவதை பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டரில் வைத்தேன். யார் மறந்தாலும் தானாக நடக்கும் என்ற எண்ணம். சோதனை மெஷினில் பத்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை ப்ரோக்ராம் சாகும். சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தை: 'ப்யூர் விர்ச்சுவல் ஃபங்ஷன் கால்'.

ஒரு ஆப்ஜெக்ட் அழியும்போது சி++ என்ன செய்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். முதலில் வாரிசு கிளாஸின் டிஸ்ட்ரக்டர் ஓடும். பிறகு வாரிசின் உறுப்புகள் அழியும். பிறகு பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் தொடங்கும். அந்தக் கணத்தில் ஆப்ஜெக்ட் தன்னை பேஸ் கிளாஸ் என்றே நினைத்துக்கொள்ளும். எந்த விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கு எந்தக் கோடு என்று சொல்லும் அதன் விர்ச்சுவல் அட்டவணை மாறிவிட்டது. 'கையாள்' என்று அழைத்தால் வாரிசின் கோடு ஓடாது. பேஸ் கிளாஸில் அது வெறும் அறிவிப்பு மட்டும்தான், ஓட எதுவும் இல்லை. ஆனால் லூப்பின் அட்டவணையில் பெயர் இன்னும் இருக்கிறது! நாம் அதை நீக்கப்போகும் வரி இன்னும் வரவில்லை. வாரிசு செத்து, பேஸ் கிளாஸ் இன்னும் சாகாத அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட்டின் லூப் ஒரு மெசேஜைக் கொண்டுவந்து கொடுத்தால், முடிந்தது. இடைவெளி மிகச் சிறியது என்பதால்தான் பத்து பதினைந்து நாள் ஆனது. திரை த்ரெட் கருவி ஆப்ஜெக்டை அழித்துக்கொண்டிருந்தபோது, கருவியின் லூப் அதற்கு மெசேஜ் கொடுத்திருக்கிறது.

இதற்கு மருந்து இரண்டு விதிகள். முதல் விதி: ஒரு ஆப்ஜெக்ட் எந்த லூப்பில் பிறந்ததோ அந்த லூப்பின் த்ரெட்டில்தான் சாக வேண்டும். வேறு த்ரெட்டில் இருப்பவர் அதை அழிக்க நினைத்தால் 'செத்துப்போ' என்று மெசேஜ்தான் போடலாம். கியூட்டில் 'பிறகு அழி' என்ற பெயரில் இருக்கும் ஃபங்ஷன் இந்த வேலையைத்தான் செய்கிறது. சாவதும் மெசேஜ் கொடுப்பதும் ஒரே த்ரெட்டில் நடந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. டீபக் பில்டில் டிஸ்ட்ரக்டரின் முதல் வரியிலேயே த்ரெட்டைச் சரிபார்த்து, வேறாக இருந்தால் நிறுத்துங்கள். அந்தச் சோதனையைச் சேர்த்த முதல் நாளே எங்கள் கோடில் ஏழு இடம் பிடிபட்டது.

இரண்டாவது விதி: சாவதற்கு முன் 'மூடு'. ஆப்ஜெக்டை அழிக்கும் உரிமை உள்ளவர் முதலில் 'மூடு' அழைப்பார், பிறகுதான் அழிப்பார். இதை மனிதர்களின் நினைவை நம்பி விடாதீர்கள். எங்கள் பெறுநர்களை நேரடியாக உருவாக்கவோ அழிக்கவோ முடியாது. ஒரு சிறிய கைப்பிடி கிளாஸ்தான் கட்டும், 'தொடங்கு' சொல்லும், கடைசியில் 'மூடு' சொல்லி அழிக்கும்.

'தொடங்கு' ஏன் தனியாக? அழிவின் கதைதான், தலைகீழாக. பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) ஓடும்போது வாரிசு இன்னும் பிறக்கவில்லை. அங்கேயே அட்டவணையில் உட்கார்ந்து, யாரிடமாவது முகவரியைக் கொடுத்துவிட்டு, அடுத்து வாரிசின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு டயலாக்கைக் காட்டி அதற்குள் லூப் ஓடத் தொடங்கினால், பாதி கட்டிய வீட்டுக்குத் தபால் வரும். கன்ஸ்ட்ரக்டரில் வரிசையை மட்டும் ஒதுக்குங்கள். 'தொடங்கு' வந்த பிறகே கதவைத் திறங்கள்.

இன்னும் ஒரு நிலைமை: தன் மெசேஜைக் கையாளும்போதே சாவது. 'மூடு' பட்டனை அழுத்துகிறார்கள், விண்டோ அந்த மெசேஜைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்ளேயே தன்னை அழித்துக்கொள்கிறது, ஃபங்ஷன் திரும்பிவந்து இல்லாத ஆப்ஜெக்டின் அடுத்த வரியை ஓட்டுகிறது. த்ரெட் ஒன்றுதான், ஆகவே முதல் விதி காப்பாற்றாது. கைப்பிடி கிளாஸ் இங்கேயும் உடனே அழிக்காமல், லூப் தற்போதைய மெசேஜை முடித்து வெளியே வந்த பிறகு அழிக்கும்படி ஒரு பட்டியலில் போட்டுவைக்கும். அட்டவணையிலிருந்து மட்டும் உடனே எழுந்துவிடும், அதனால் அடுத்த மெசேஜ் சேராது.

பலருக்கு ஒரே செய்தி

சந்தா முறையை, அதாவது ஒரு செய்தி வேண்டுமென்று முன்பே பெயர் கொடுத்த எல்லாருக்கும் அதை அனுப்புவதை, பேஸ் கிளாஸுக்குள் வைக்காதீர்கள். அதன் மேல் தனி கிளாஸாகக் கட்டுங்கள். முகவரிகளின் பட்டியல், செய்தி வந்தால் ஒவ்வொரு முகவரிக்கும் அனுப்பு, அவ்வளவே. உடனடி அழைப்பாக இருந்தால் பட்டியலைச் சுற்றி வரும்போதே ஒருவர் சந்தாவை ரத்து செய்து பட்டியலைக் கலைப்பார் என்ற பழைய தலைவலி இருக்கும். நாம் கியூவில் மட்டும் போடுவதால் சுற்றி முடிக்கும்வரை யாருடைய கோடும் ஓடாது. ரத்து செய்ய மறந்தவர்களின் முகவரியும் தீங்கு செய்யாது. கொடுக்கும்போது குடித்தன எண் பொருந்தாவிட்டால், லூப் அந்தச் சந்தா கிளாஸுக்கு 'இவர் இல்லை' என்று ஒரு மெசேஜ் போடும். அது பட்டியலைத் துடைத்துக்கொள்ளும்.

பதில் வேண்டுமென்றால்

கேள்வி மெசேஜில் கேட்பவரின் முகவரியையும் ஒரு கேள்வி எண்ணையும் வைத்து அனுப்புங்கள். பதில் இன்னொரு மெசேஜாக அதே எண்ணோடு வரும். காத்து நிற்கும் வசதியை மட்டும் கட்டாதீர்கள். திரை கருவியின் பதிலுக்காகக் காத்து நிற்கும், கருவி அதே நேரத்தில் திரையின் பதிலுக்காகக் காத்து நிற்கும். பயனர் உறைந்த விண்டோவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கியூட்டில் காத்து நிற்கும் இணைப்பு வகை ஒன்று உண்டு. பெறுபவர் அதே த்ரெட்டில் இருந்தால் டெட்லாக் ஆகும் (முடிவில்லாமல் காத்து நின்றுவிடும்) என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. காத்து நின்றே ஆக வேண்டிய வேலை என்றால் அந்த இரண்டு ஆப்ஜெக்டும் ஒரே த்ரெட்டில் இருக்க வேண்டியவை. சாதாரண ஃபங்ஷன் அழைப்பே போதும்.

பதில் வராமலே போகலாம் என்பதை மறக்க வேண்டாம். கேள்விக்கு ஒரு நேர வரம்பு வையுங்கள். சேராத கேள்விக்கு லூப்பே 'ஆள் இல்லை' என்று பதில் போட்டுவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இருந்தாலும் லூப்பே நின்றுபோயிருக்கலாம் என்பதால் நேர வரம்பும் வேண்டும்.

சோதிக்கும் விதம்

த்ரெட் இல்லாமல் லூப்பை ஓட்ட ஒரு வழி வையுங்கள்: 'கியூ காலியாகும்வரை ஓடு' என்று ஒரு ஃபங்ஷன், அது லூப்பில்தான் இருக்கும், பேஸ் கிளாஸில் அல்ல. டெஸ்ட் கோடு இரண்டு மெசேஜ் போட்டு, லூப்பை ஓட்டி, முடிவைப் பார்க்கும். கடிகாரத்தையும் வெளியிலிருந்து கொடுங்கள், நேர வரம்பைச் சோதிக்க நிஜமாகவே 5 நொடி காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஒவ்வொரு லூப்பும் கடைசி 256 மெசேஜ்களின் சுருக்கத்தை ஒரு வட்டக் கியூவில் வைத்திருக்கட்டும்: நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, என்ன வகை, சேர்ந்ததா. தபால்பெட்டி முறையில் கால் ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற சங்கிலி) உதவாது. டீபக்கரில் பார்த்தால் எல்லாமே லூப்பிலிருந்து வந்ததாகத்தான் காட்டும், யார் போட்டார்கள் என்று தெரியாது. க்ராஷ் ஆகும்போது இந்த 256 வரியை ஃபைலில் எழுதிவிடுகிறோம். நான் டீபக்கரைத் திறக்கும் முன் அந்த ஃபைலைத்தான் திறக்கிறேன்.

'சேராதவை' கணக்கையும் தினமும் பாருங்கள். எங்களுடையதில் ஒரு முழு நாள் சோதனையில் சாதாரணமாக இருபது முப்பது வரும். எல்லாம் விண்டோ மூடும் நேரத்தவை. ஒரு முறை 9,000 ஆனது. பார்த்தால், மூடிய கிராஃபுக்குக் கருவி இன்னும் அளவு அனுப்பிக்கொண்டே இருந்தது. யாரோ சந்தாவைச் சந்தா கிளாஸ் வழியாக எடுக்காமல் முகவரியை நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். கோடில் அந்த வரிக்கு மேல் 'தற்காலிகம்' என்று என் கையாலேயே குறிப்பும் இருந்தது.